குழாய்ச் சத்தம்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள குஞ்சு,

நீ அனுப்பிய படத்தை அப்பா அச்சடித்து மீன்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். உடம்பு இளைக்க இரைப்பையில் பைபாஸ் ஒப்பரேஷன் செய்து ஏழு மாதத்தில் 31 கிலோ குறைந்துவிட்டாய்! எனக்கும் பெருமைதான். ஆனால் கன்னம் ஏன் அப்படிக் கிடங்கு விழுந்திருக்கிறது?

குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறாயா? இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்காதே, இரண்டு மணி நேரமாவது விடு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே. முடி கொட்டினால் பயப்படாதே, அது திரும்ப வளரும். குளிசையை மட்டும் விடாதே.

போன கிழமை கதைக்கும்போது, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று போனை வைத்துவிட்டுப் போனாய். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கனநேரம் ஓடியது. திரும்பி வந்து, கொழும்பில் மழையா என்று கேட்டாய். நானும் மழையைப் பற்றிச் சொன்னேன்.

கால் விரல் விறைக்கிறது, சப்பாத்து இறுக்கம் என்றும் சொன்னாய். உடம்பு இவ்வளவு இளைத்த பிறகு சப்பாத்து மட்டும் எப்படியம்மா இறுகும்?

காலி வீதி மருந்துக்கடைப் பிள்ளையிடம் யாருக்கோ போலக் கேட்டேன். பைபாஸ் செய்தவர்கள் தொடர்ந்து சத்தி எடுத்தால் தயமின், அதுதான் விட்டமின் பி1, சில வாரங்களிலேயே தீர்ந்துவிடுமாம். முதலில் கால் விறைக்கும், பிறகு நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவும் குழம்பும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒப்பரேஷன் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகுமாம். பழைய பெரிபெரி வருத்தமும் இதே குறைவால்தான். அந்தப் பெயரே சிங்களத்து 'பெரி', முடியாது என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். முடியாது, முடியாது. நீ ஒருநாளும் சொல்லாத சொல்.

இவ்வளவு படித்தவள், இதை டொக்டரிடம் சொல்லாமல் இருப்பாயா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோபப்பட எனக்கு என்ன உரிமை? அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. நீ ஏ.எல். படித்த காலத்தில் இரவுச் சாப்பாடு முடிய நம் வீட்டிலும் குழாய் இப்படித்தான் ஓடும். தண்ணீர் பில் கூடுகிறது என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இல்லை. உன் சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைக்கும்போது தையல்காரிக்கு முன்னால் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. பிறகு உன் சட்டைகள் தொளதொளக்கத் தொடங்கின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

மாடி வீட்டு அன்ரிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

கிளினிக் தவணை வரும்வரை பார்த்துக்கொண்டிராதே, நாளைக்கே போ. குளிசை வயிற்றில் தங்காவிட்டால் ஊசியாகக் கேள். அடுத்த ஞாயிறு நான் எடுக்கும்போது அப்பா கோயிலில் இருப்பார். சத்தி வந்தால் போனையும் கையோடு கொண்டு போ. குழாயைத் திறக்காதே.

அம்மா