இடிக்க முன்னம் ஒருக்கால் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் பக்கத்து வளவு வீட்டை இடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பெக்கோ இயந்திரம் வந்தது, புதன்கிழமை பின்னேரம் பார்த்தால் வெறும் மணல். எங்கள் அம்மா பிறக்க முன்னமே நின்ற வீடு அது. நான் மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில், அம்மா வழியாக எனக்கு வந்த பழைய வீட்டில் இருக்கிறவள். அதனால் பக்கம் சாராமல் எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

"உளுத்துப்போன வீடு, எப்ப விழுமோ" என்று வீதியில் எல்லோரும் சொன்னார்கள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று நாளும் பார்த்தேன். முன்விறாந்தைத் தூண் ஒன்றைச் சாய்க்க அந்த இயந்திரம் நாலைந்து தரம் முட்ட வேண்டியிருந்தது. சுவர் பிளந்தபோது உள்ளே தெரிந்தது முருகைக்கல்லும் செங்கல்லும், இடையில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புச் சாந்து, சாந்துக்குள் பொடிச் சிப்பி. ஒன்றரை அடி கனம். கூரைக் கைமரமெல்லாம் பாலை மரம், கதவு நிலைகள் முதிரை. மரத்தை ஏற்ற இரண்டு லொறி வந்தது, வாங்கிப்போன வியாபாரி ஒரு துண்டைக்கூட விறகுக்கென்று கழிக்கவில்லை. உளுத்த மரத்தை யார் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு போவார்கள்?

ஓட்டைத்தான் குப்பையோடு கொட்டப் பார்த்தார்கள். நான் கேட்டு, நானூறு ஓடு வரையில் எடுத்து எங்கள் பின்வளவில் அடுக்கி வைத்திருக்கிறேன். கழுவிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் இங்கிலிஷ் எழுத்தில் பாசல் மிஷன், மங்களூர் என்று பொறித்திருந்தது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள், முதலாம் உலகப்போரோடு அது அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது. அப்படியென்றால் இந்த ஓடு சூளையிலிருந்து வந்து நூறு வருடத்துக்கு மேல். கடல் கடந்து வந்து, இத்தனை மாரி நனைந்து, 1978 சூறாவளிக்கும் தப்பின ஓடு. விரலால் சுண்டினால் இன்னும் கணீரென்று கேட்கிறது.

எங்கள் மட்டக்களப்புக் கோட்டையை 1628-ல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள், இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கோட்டையைச் சுற்றி ஊர் எப்படி வந்தது என்பதை யாரும் படிப்பிக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயம், கோட்டைக்குள் இயங்கியது, நீதிமன்றமும் கடைத்தெருவும் கிட்டவே. 1814-ல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கித் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820-ல் வின்சன்ட் பெண்கள் பள்ளிக்கூடம் வந்தது, 1873-ல் மைக்கேல் கல்லூரி. கச்சேரிக் கிளாக்கர்மார், புறக்டர் என்ற வக்கீல்மார், வாத்திமார், கடை முதலாளிமார், இவர்களெல்லாம் வேலைக்கு நடந்துபோகிற தூரத்தில் வளவு எடுத்து வீடு கட்டினார்கள், புளியந்தீவின் உள்வீதிகள் அப்படி வந்தவை, பாலம் தாண்டிக் கோட்டைமுனை, அதற்கு அங்கால் எங்கள் தாண்டவன்வெளி. ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தச்சுவேலைக்கும் இரும்புவேலைக்கும் பேர்போனவர்கள். வீட்டுக்குள் இன்னும் அந்தப் பழைய போர்த்துக்கேய மொழியைப் பேசுகிற வயதானவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைவேலை இருக்கிற கதவுகளை நாங்கள் அலுமினியக் கதவுக்காகக் கழற்றுகிறோம்.

இந்த வீடுகளுக்குள் வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முன்னுக்கு நீள விறாந்தை, சாய்மனைக் கதிரை போட ஒரு மூலை, நடுவில் மண்டபம், இரண்டு பக்கமும் அறைகள், பின்னுக்கு இன்னொரு விறாந்தை, தள்ளிக் குசினி, கிணறு, கிணற்றடியில் ஒரு மாமரமாவது வேம்பாவது. முன்கதவையும் பின்கதவையும் நேருக்கு நேர் வைத்திருப்பார்கள், வாவிக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். கூரை உயரம், சூடு மேலே போய் ஓட்டு இடுக்கால் வெளியேறிவிடும். ஆடி மாதம் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற நாட்களில், நிலத்தில் கால் வைக்க முடியாத வெயிலில்கூட, மத்தியானம் எங்கள் மண்டபத்தில் ஃபான் இல்லாமல் ஒரு பாயைப் போட்டுப் படுக்கலாம். என் தங்கையின் வீடு புதிது, கொங்கிறீட் தட்டு, சின்ன யன்னல். இரவு பத்து மணிக்கும் அங்கே சுவர் கையைச் சுடும். ஏசி இல்லாமல் பிள்ளைகள் நித்திரை கொள்வதில்லை. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து மாதா மாதம் அவள் என்னிடம்தான் புலம்புகிறாள்.

அப்புறம் வீதி. பின்னேரம் ஐந்தரை மணிக்கு வெயில் தணிந்த பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து காந்தி பூங்கா, வாவிக்கரை என்று புளியந்தீவு உள்வீதிகளால் நடந்து பாருங்கள். ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில் மணி ஒரு பக்கம் கேட்கும், மரியாள் பேராலய மணி ஒரு பக்கம், காற்று வாட்டமாக இருந்தால் கோட்டைமுனைப் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும். இடுப்பளவு மதில், அதற்கு மேலால் செவ்வரத்தம் பூ, விறாந்தையில் இருக்கிற அக்கா எழும்பி வந்து படலையடியில் நின்று கதைப்பார். எட்டடி மதில் எழும்பிய இடத்தில் இந்தக் கதையே இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது, கமராதான் எங்களைப் பார்க்கிறது.

சரி, அப்படியென்றால் ஏன் இடிக்கிறார்கள்? நான் இடிப்பவர்களைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு என்று தாய்வழியாக வந்த வீடுகள்தான் இங்கே பெரும்பாலும். ஒரு மகளுக்குப் பெரிய வீடு, மற்ற மகள்மாருக்கு அதே வளவில் பக்கத்தில் ஒவ்வொரு வீடு, சகோதரிகள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தவரையில் அது நன்றாக நடந்தது. யுத்தம் வந்து ஒருத்தி லண்டன், ஒருத்தி டொரன்டோ, ஒருத்தி சுவிஸ் என்று ஆன பிறகு காணி உறுதியில் ஐந்து பெயர், ஊரில் ஒருவரும் இல்லை. சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் தொண்டு நிறுவனங்கள் பெரிய வீடுகளை நல்ல வாடகைக்கு எடுத்தன, அந்த வாடகையில் கூரை மாற்றினார்கள், பூச்சுப் பூசினார்கள். அவர்கள் போன பிறகு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் ஓடு உடைந்தால் யார் காசு போடுவது என்று ஐந்து பேரும் ஃபோனில் கதைத்து முடிப்பதற்குள் ஒரு மாரி போய்விடும். நனைந்த கைமரத்துக்குக் கறையான் வரும். கடைசியில் ஊரில் ஒருவருக்கு அற்றோர்ணி அதிகாரம் எழுதி, விற்று, பங்கைப் பிரித்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் நிம்மதி. வாங்குகிறவர் பேர்ச் கணக்கில் நிலத்துக்குத்தான் காசு கொடுக்கிறார், வீடு அவருக்கு இடிகூலிச் செலவு. பக்கத்து வீட்டுக்கும் நடந்தது இதுதான். வெளிநாட்டிலிருந்து அந்த வீட்டு மூத்த மகள் எனக்கு ஃபோன் எடுத்து அழுதார், "எனக்கும் விருப்பமில்லை, நான் தனிய என்ன செய்ய" என்றார்.

இருக்கிறவர்களுக்கும் இலேசில்லை. பழைய வீட்டைத் திருத்தத் தெரிந்த மேசன் கிடைப்பது அரிது. எங்கள் வீட்டில் ஓர் அறைச் சுவர் ஈரம் குடிக்கிறது என்று ஒரு மேசனைக் கூப்பிட்டேன், பழைய பூச்சைக் கொத்திவிட்டு அழகாகச் சீமெந்து பூசித் தந்தார். இரண்டு மாரி தாண்டவில்லை, பூச்சு அப்பளம் மாதிரிப் பொரிந்து பாளம் பாளமாக விழுந்தது. பிறகுதான் ஒரு வயதான மேசன் வந்து விளங்கப்படுத்தினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை எடுக்கும், வெயிலுக்குத் திருப்பி விட்டுவிடும், சீமெந்தால் மூடினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு வெளியே தள்ளும். அவர் சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு குழைத்துப் பூசிய இடம் இன்றுவரை அசையவில்லை. அவருக்குப் பிறகு அந்த வேலை தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை, மகன் கட்டாரில்.

1978 நவம்பர் 23-ஆம் திகதி இரவைப் பற்றி அம்மா சொல்லாத நாளில்லை. எங்கள் கூரையில் பாதி ஓடு பறந்தது, ஆனால் சுவர் நின்றது, பக்கத்துக் குடிசைகளில் இருந்த சனமெல்லாம் எங்கள் மண்டபத்துக்குள்தான் விடிய விடிய ஒடுங்கி இருந்தார்களாம். சூறாவளிக்குப் பிறகு பலர் ஓட்டைக் கழித்து அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார்கள், அதோடு பாதி வீடுகளின் முகமே மாறியது. இருந்தும் வீடு வீடாகத்தான் இருந்தது. இப்போது போவது முழுதாகப் போகிறது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்கவும் முடியாது. 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வருகிற திகதி 1815 மார்ச் 2. அதற்கு முந்தியதைத்தான் அந்தச் சட்டம் தானாகவே தொல்பொருளாகக் கணக்கெடுக்கும், எங்கள் வீடுகள் அதற்குப் பிந்தியவை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிழக்கில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனம் காணி போய்விடும் என்று பயப்படுகிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே கொழும்பிலிருந்து யாரும் வந்து பெயர்ப்பலகை நட வேண்டாம். இது எங்கள் மாநகர சபை எங்கள் ஆட்களோடு இருந்து செய்யக்கூடிய வேலை.

செய்யலாம் என்பதற்கு எங்களிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 2013-ல் கல்லடியில் புதுப்பாலம் திறந்தபோது பழைய லேடி மனிங் பாலத்தை வெட்டி இரும்புக்கு விற்றிருக்கலாம். விற்கவில்லை, பக்கத்திலேயே நிற்க விட்டார்கள். இன்றைக்குப் பின்னேரமானால் சனம் நடப்பது எதில்? வெளியூர்ப் பிள்ளைகள் படம் எடுப்பது எதில்? எங்கள் வாவியில் மீன் பாடுகிறதைக் கேட்க நிலாக் காலத்தில் தோணியை எங்கே கொண்டுபோகிறார்கள்? எல்லாம் அந்தப் பழைய பாலத்தடியில்தான்.

மாநகர சபையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புளியந்தீவு, கோட்டைமுனை, தாண்டவன்வெளி மூன்றிலும் மிஞ்சி நிற்கிற பழைய வீடுகளை வீதி வீதியாகப் போய் எண்ணி, படம் எடுத்து, ஒரு பதிவேடு போடுங்கள். எங்கள் பள்ளிக்கூடங்களின் உயர்தரப் பிள்ளைகளை விட்டாலே ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடுவார்கள். அந்தப் பதிவேட்டில் இருக்கிற வீட்டை இடிக்க யாராவது விண்ணப்பித்தால் உடனே மறுக்க வேண்டாம், இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு பொறியியலாளரும் விஷயம் தெரிந்த ஒரு மேசனும் வந்து பார்த்து, திருத்தினால் இவ்வளவு முடியும், முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்வளவில் கட்டினால் இப்படிக் கட்டலாம் என்று உரிமையாளருக்கு எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு மேலும் அவர் இடிக்கத்தான் போகிறார் என்றால் அது அவருடைய சொத்து, இடிக்கட்டும், வீட்டின் அளவும் படமுமாவது எங்களிடம் மிஞ்சும். வீட்டை வைத்திருந்து திருத்துகிறவர்களுக்குச் சோலைவரி என்ற வீட்டு வரியில் ஒரு கழிவு கொடுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் மேசன் வேலை படிக்கிற பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு வேலையையும் ஒரு பாடமாக வையுங்கள், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

தெற்கே இருக்கிற காலிக் கோட்டையைப் பார் என்று சிலர் சொல்வார்கள். 1988-ல் உலக மரபுரிமை ஆனது, வீடுகள் பிழைத்தன, உண்மைதான். ஆனால் விலை ஏறி ஏறி, பழைய குடும்பங்கள் பலர் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், வீடுகள் ஹோட்டலும் கடையுமாக நிற்கின்றன. எனக்கு அது வேண்டாம். விறாந்தையில் எங்கள் ஆட்கள் இருக்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், குசினியில் மீன்குழம்பு கொதிக்க வேண்டும். ஒன்றிரண்டு வீட்டில் தேநீர்க் கடையோ தங்குமிடமோ வந்தால் வரட்டும், அந்த வருமானத்தில் கூரை நனையாமல் இருந்தால் சந்தோஷம்தான்.

மாரி தொடங்க இன்னும் அதிக நாள் இல்லை. எங்கள் வீதியின் அந்தத் தலைப்பில் பூட்டிக் கிடக்கிற வீட்டின் முன்கூரையில் ஐம்பது அறுபது ஓடு இல்லை, மழை நேரே மண்டபத்துக்குள்தான் இறங்கும். அந்த வீட்டுக்காரர்களோ, இதே நிலையில் வீடு வைத்திருக்கிற வேறு யாருமோ இதை வாசித்தால், அந்த நானூறு ஓடும் எங்கள் பின்வளவில் மாமரத்தடியில் அடுக்கினபடி இருக்கிறது, காசு வேண்டாம், ஓர் ஓட்டோவோ லான்ட்மாஸ்டரோ கொண்டுவந்து ஏற்றிப்போகலாம். என் விலாசம் ஆசிரியரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தாண்டவன்வெளி வாசகி,
மட்டக்களப்பு.