போட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்

மஸ்கெலியா
மாசி மாதம், ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வீட்டில் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் உன் தங்கச்சிக்குத்தான் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கண்டிப் பக்கம் திகனைக்குப் போய்க் குடியேறிவிட்டாய், விக்டோரியா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, ஒரு போட் வாங்க ஆசை. "நீ மவுசாகலை நீர்த்தேக்கத்தில் ஆறு வருடமாக வைத்திருக்கிறாய், மறைக்காமல் சொல்" என்று எழுதியிருக்கிறாய். மறைக்க ஒன்றுமில்லை.

வாங்குகிற விலையை வைத்து முடிவெடுக்காதே மச்சான். நான் 2019இல் நீர்கொழும்பில் பழைய 14 அடி ஃபைபர் போட் ஒன்றை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு எடுத்தேன். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ் என்று வளைவு வளைவாக லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோதே விலை கூடிவிட்டது. அதற்கு மேல் 8 குதிரைவலு என்ஜின், துடுப்பு, கயிறு, நான்கு லைஃப் ஜாக்கெட், தார்ப்பாய், கரையில் ஒரு தகரக் கொட்டில். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வருடம் முடிந்தபோது போட்டின் விலையைப்போல மூன்று மடங்கு போயிருந்தது.

காசு ஒரு பக்கம். மழையைப் பற்றித்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வைகாசியில் பருவக்காற்று தொடங்கினால் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் மூடாத 14 அடி போட்டுக்குள் ஏறக்குறைய 400 லீற்றர் தண்ணீர் சேரும். இரண்டு பெரல். தார்ப்பாய் போட்டாலும் அது நடுவில் தொய்ந்து குளம் கட்டி, ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளேதான் கொட்டும். அப்படி ஒரு ஆடி மாதக் காலையில் போய்ப் பார்த்தால் போட்டின் முன்மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நல்லவேளை, என்ஜினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தேன். பெயின்ட் வாளியால் நானும் தோட்ட லயத்துப் பையன்கள் இரண்டு பேரும் பத்து மணி வரை இறைத்தோம். அன்றிலிருந்து மழைக்காலத்தில் போட் கொட்டிலுக்குள் குப்புறத்தான் கிடக்கிறது.

வெயில் காலத்தில் வேறு பாடு. நீர்த்தேக்கத்துக்கு நிலையான கரை கிடையாது. மின்சாரத்துக்குத் தண்ணீர் விடவிட மட்டம் இறங்கும். நேற்று கட்டிய இடத்தில் இன்று சேறு. பங்குனியில் கொட்டிலிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் கால் முழங்கால் வரை புதையும். விக்டோரியாவிலும் மட்டம் நன்றாக ஏறி இறங்கும். அதனால் போட் பார்க்கப் போவதற்கு முன்னால், வருடத்தில் தண்ணீர் ஆக வற்றுகிற மாதத்தில் உன் கரையில் நடந்து பார். அது மகாவலி அதிகாரசபையின் பொறுப்பில் இருக்கிற நீர், போட் இறக்க என்ன அனுமதி வேண்டும் என்றும் நேரில் போய்க் கேள். இரண்டையும் செய்யாமல் ஒரு ரூபாவும் முன்பணம் கொடுக்காதே.

என்ஜின் விஷயத்தில் உனக்கு என்னைவிட வசதி. உயரம் கூடக்கூடக் காற்று மெலிது. 300 மீற்றருக்கு நூற்றுக்கு மூன்று பங்கு என்ற கணக்கில் வலு குறையும். மவுசாகலை 1,100 மீற்றருக்கு மேல், அதனால் என் 8 குதிரைவலு இங்கே ஏழுபோலத்தான் வேலை செய்கிறது. நீ இருக்கும் நீர்மட்டம் 440 மீற்றருக்குள், உனக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. டூ ஸ்ட்ரோக் என்ஜின் வாங்கினால் ஒரு லீற்றர் பெட்ரோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய் கலக்க வேண்டும், ஆனால் பழைய மொடல்களில் சிலதுக்கு இன்னும் கூட வேண்டும், என்ஜினின் புத்தகத்தைப் பார். ஸ்டார்ட் பண்ணியதும் என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் பக்கத்திலிருந்து கம்பிபோலப் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் உடனே நிறுத்து, உள்ளே பம்பின் றப்பர் போயிருக்கலாம். 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது என்ஜினை மாதக்கணக்கில் சாக்கைச் சுற்றி வைத்துவிட்டேன். டாங்கியில் கிடந்த பெட்ரோல் பிசின்போலாகி கார்புரேட்டர் முழுக்க அடைத்துவிட்டது. கொஞ்ச நாள் ஓட்டமாட்டாய் என்றால் டாங்கியைக் காலி செய்துவிடு.

ஃபைபர் வெடிப்பு ஒட்டுவதிலும் உன் ஊர் சூடு உனக்கு உதவும். ரெசினுக்கு வெப்பம் வேண்டும். போன தை மாதம் அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. சுரண்டி, காயவைத்து, ஃபைபர் மேட் துண்டு வெட்டி, ஹார்ட்னர் கலந்து பூசினேன். மாலை வரை விரலில் பாகுபோல ஒட்டியது. கடைசியில் கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல ஒரு குண்டு பல்பை எரியவிட்டு மேலே சாக்கைப் போட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் தட்டிப் பார்த்தால் பீங்கான் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்ற சந்தோஷத்தை எப்படி எழுதுவது மச்சான்?

அப்புறம், இதையெல்லாம் எதற்காகச் செய்கிறேன் என்றும் கேட்டிருந்தாய்.

1969இல் மவுசாகலை அணை கட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பியபோது நமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பழைய மஸ்கெலியா டவுனில் என் அப்பா சம்பளத்தன்று கூட்டிப்போய் பனிஸ் வாங்கித் தந்த கடை, நாம் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கோயில், எல்லாம் உள்ளே போனது. வறட்சியில் மட்டம் இறங்கும்போது கோயில் சுவர் வெளியே வரும். நீ ஒரு தடவை பாதையிலிருந்து பார்த்தாய். நான் துடுப்புப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே போகிறேன். போன வருடம் பங்குனியில் என்ஜினோடு அங்கே போனபோது ப்ரொபெல்லர் ஒரு கல்லில் தட்டி, அதைப் பிடித்திருக்கிற ஊசி உடைந்துவிட்டது. கியர் உடையாமலிருக்க முதலில் உடையவேண்டியது அந்தச் சின்ன ஊசிதான், எப்போதும் நான்கைந்து சட்டைப்பையில் வைத்திரு. குனிந்து பார்த்தேன். ஓரடி ஆழத்தில் ஒரு வாசற்படி, மூன்று படிகள், நடுப்படி தேய்ந்து குழிந்திருந்தது. எந்த வீடு, எந்தக் கடை என்று தெரியவில்லை. என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே மிதந்துகொண்டிருந்தேன். பின்னே மெல்லத் துடுப்பு வலித்துக்கொண்டு திரும்பினேன்.

யாத்திரைக் காலத்தில் விடிவதற்கு முன்னால் இறங்கினால் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற பாதை விளக்குகள் மாலைபோலத் தொங்கும். வெளிச்சம் வரவர அவை ஒவ்வொன்றாக மங்கிப்போகும். பனிமூட்டத்துக்குள் எந்தப் பக்கமும் தெரியாது, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துச் சத்தத்தை வைத்துத்தான் கரை எங்கே என்று கண்டுபிடிப்பேன். பேத்தியும் சில நாள் வருவாள். போன மாதம் அவள் தூண்டிலில் ஒரு திலாப்பியா மாட்டியது, உள்ளங்கை அளவுதான். கையில் ஈரம் காயும்வரை பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டாள்.

வருடத்தில் இப்படிப் போகிற நாட்கள் முப்பதைத் தாண்டாது. மற்ற நாட்களில் கயிறு மாற்றுவதும் பாசி சுரண்டுவதும் கொட்டிலைப் போய்ப் பார்ப்பதும்தான். கொட்டிலில் உட்கார்ந்து கயிறு முடிகிற நேரமும் எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கும் பிடிக்குமா என்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்கு. இரண்டு வாரம் இங்கே வந்து தங்கி என்னோடு வேலை செய். சித்திரையில் மழை கூடுவதற்கு முன்னால் வந்தால் கோயிலையும் பார்க்கலாம். முழங்கால் வரையிலான பூட்ஸ் ஒரு சோடி எடுத்து வா. பேரனைக் கூட்டி வருவதென்றால் அவனுடைய நிறை எவ்வளவு என்று எழுதி அனுப்பு, என்னிடம் இருக்கிற லைஃப் ஜாக்கெட் நான்கில் சின்னது ஒன்றுதான், அது பேத்திக்கு. அவனுக்குச் சரியானதாக ஒன்று இப்போதே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி