‘ஹேவ் சம் மோர்’ என்றால் அதிகாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் ஒரு வரி: “‘ஹேவ் சம் மோர்’ என்பது கட்டளை. ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க’ என்றே பழகிய தமிழர்கள் செய்யும் தவறு இது.” விருந்தோம்பலைத் தவறு என்று சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி.

பயணிகள் கப்பலில் ஸ்டூவர்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இங்கிலாந்துக்காரர்கள் தங்களுக்குள் ‘ஹேவ் அனதர் ஒன்’ என்று உபசரிப்பதைக் காது குளிரக் கேட்டிருக்கிறேன். நன்மை சொல்பவருக்கல்ல, எதிரில் இருப்பவருக்கு என்றால் ஏவல் வாக்கியமும் மரியாதைதான். மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983-லேயே இதை விளக்கிவிட்டார். தாங்கள் அறியாததல்ல.

அதே பகுதி ‘வுட் யூ லைக் எனி டீ?’ என்று கேட்கச் சொல்கிறது. ‘எனி’ போட்டால் விசாரிப்பது போல இருக்கும். மனசார உபசரிப்பவர் ‘சம் டீ’ என்பார், சரி என்ற பதிலை எதிர்பார்த்து. பொங்கல் இதழில் ‘டூ யூ லைக் காபி?’ என்பதையும் உபசார வாக்கியமாகப் போட்டிருந்தீர்கள். அது காபி பிடிக்குமா என்ற கேள்வி. பிடிக்கும் என்று சொல்லிவிட்டு விருந்தாளி வெறும் வாயோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்போதும் எழுதினேன். என் கடிதம் அச்சில் வரவில்லை, அந்தப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது. நல்ல பட்டுதான்.

‘டூ யூ வாண்ட்’ நாகரிகமில்லையாம். வீட்டாரிடமும் நண்பர்களிடமும் இங்கிலாந்துக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். முன்பின் தெரியாத பயணியிடம்தான் நாங்கள் ‘வுட் யூ லைக்’ என்போம்.

புதுப் பையன்கள் தடுமாறியது வேறு இடத்தில். காபி வேண்டுமா என்றால் பயணி ‘ஐயாம் ஃபைன், தேங்க்ஸ்’ என்பார். நலம் விசாரித்ததற்குப் பதில் என்று நினைத்துப் பையன் ஊற்றிவிடுவான். அவர் சொன்னது ‘வேண்டாம்’. இதை ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தீர்களா? இடம் இருக்காது, ராசிபலனுக்கே முழுப் பக்கம் போகிறதே.

பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். எனவே அடுத்த இதழில் ‘சம்’, ‘எனி’ திருத்தத்தை மட்டுமாவது, அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வெளியிடவும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
தூத்துக்குடி