தோசைக்கல்லுல ரொட்டி போட்டா என்ன ஆகப்போகுதுன்னு கேட்டவன் எழுதறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க ஞாயிறு பதிப்புல கோதுமையை அடியோட நிறுத்தினா வயிறு சரியாகும், மூட்டுவலி போகும், உடம்பு இளைக்கும்னு அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு இல்லையா, அதை ஒரு அம்மா கத்தரிச்சு எடுத்துட்டு வந்து எங்க கடை மேஜையில வெச்சு "தம்பி இதைப் படிச்சியா, நீ விக்கிறது பூரா விஷம்"னு சொல்லிட்டு, ரெண்டு ரொட்டி கோசோங் (வெறும் ரொட்டி), ஒரு தே தாரிக் (ஆத்தின பால் டீ)னு ஆர்டர் கொடுத்தாங்க. சிரிக்கிறதா என்னன்னு தெரியல. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல 22 வருஷமா ரொட்டி சானாய், அதாவது பரோட்டா மாதிரி வீசிப் போடுற கோதுமை ரொட்டி, போடுறவன். மாவு விக்கிறவன் மாவுக்குத்தான் பேசுவான்னு சொல்லுவீங்க, சொல்லிக்கோங்க, ஆனா கடைசி வரைக்கும் படிச்சிட்டு சொல்லுங்க, ஏன்னா இதுல நான் பண்ண தப்பும் இருக்கு.

மொதல்ல கோதுமையில இருக்கற இந்த குளூட்டன்னா என்னன்னு எனக்கே போன வருஷம் வரைக்கும் பேரு தெரியாது, ஆனா கைக்குத் தெரியும். மாவைப் பிசைஞ்சு மார்ஜரின் தடவி உருண்டை உருண்டையா ஊற வெச்சு காலையில எடுத்து வீசினா கிழியாம துணி மாதிரி விரியுது பாருங்க, அந்த இழுவைதான் குளூட்டன். அரிசி மாவுல அது கிடையாது, அதான் அரிசி மாவை வீச முடியாது. பிசைஞ்ச உருண்டையை ஒரு சட்டியில போட்டு தண்ணி ஊத்தி கசக்கிக் கசக்கி வெள்ளைத் தண்ணியை எல்லாம் வடிச்சிட்டா கடைசியில கையில மஞ்சளா, சவ்வு மாதிரி, இழுத்தா நீளுற ஒண்ணு மிஞ்சும். எங்கப்பா ரப்பர் பால்வெட்டுனவரு, தோட்டத்துல சின்ன வயசுல நான் மங்குல இருந்து உரிச்சு எடுத்த ஒட்டுப்பால் ஞாபகம்தான் வந்துச்சு எனக்கு. இது கோதுமையில, பார்லியில, ரை-ன்னு ஒரு தானியம் இருக்கு அதுல, இந்த மூணுலயும் இருக்கற புரதம். விஷம் கிஷம் ஒண்ணும் இல்ல.

சரி விஷயத்துக்கு வரேன். போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச கையோட என் வீட்டுக்காரம்மா ஃபோன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு இன்னியில இருந்து கோதுமை தொடமாட்டேன்னு உக்காந்துட்டாங்க. வயிறு உப்புசம் அவங்களுக்கு ரொம்ப வருஷமா உண்டு, பொய் சொல்லல. நிறுத்தின ரெண்டாவது வாரமே வயிறு லேசா இருக்குன்னு சொன்னாங்க, அதுவும் பொய் இல்ல. நானும் சரி நல்லதுதானேன்னு விட்டுட்டேன். ஆனா ஈப்போவுல போய் குளூட்டன் இல்லாத மாவுன்னு ஒரு கிலோ 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போட்டு வாங்கிட்டு வர்றது, பிஸ்கட் ஒரு சின்ன டப்பா 17 வெள்ளி, கேக் மாவு, மீ, அது இதுன்னு மாசம் 200 வெள்ளிகிட்ட போச்சு. ரொட்டிக்கடைக்காரன் வீட்டுல ரொட்டிக்கு தடை, ஊர்ல ஒரே கிண்டல்.

எங்க மக தாதியா வேலை செய்யுது, நாலு மாசம் கழிச்சு லீவுல வந்தப்ப அது கேட்ட மொத கேள்வியே "அம்மா, நிறுத்துறதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் எடுத்தியா"ன்னுதான். எடுக்கலன்னதும் தலையில கையை வெச்சிருச்சு. ஏன்னு அப்புறம்தான் விளங்கிச்சு, இதைத்தான் உங்க கட்டுரையில ஒரு வரி கூட போடல, அதுக்காகத்தான் இந்த லெட்டரே.

கோதுமை நிஜமாவே ஆகாத வியாதி ஒண்ணு இருக்கு, சீலியாக்னு பேரு. அலர்ஜி இல்ல அது, கோதுமை அலர்ஜின்னு வேற ஒண்ணு தனியா இருக்கு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, மூச்சு முட்டுறதுன்னு காட்டிரும். சீலியாக்ல குளூட்டன் உள்ள போனா உடம்பு தன்னோட சிறுகுடலையே எதிரியா நெனைச்சு அடிக்க ஆரம்பிச்சிரும். நம்ம சிறுகுடல் உள்பக்கம் தேங்காப்பூ துண்டு மாதிரி பொசுபொசுன்னு இருக்குமாம், அந்த இழைதான் சாப்பாட்டுல இருக்கற சத்தை உறிஞ்சி எடுக்கறது. சீலியாக் காரங்களுக்கு அந்த இழை எல்லாம் தேஞ்சு மழுங்கி பழைய வேட்டி மாதிரி ஆயிரும், என்னத்த சாப்பிட்டாலும் ஒட்டாது. அதனாலதான் சில பேருக்கு வயித்துல ஒண்ணுமே தெரியாம வெறும் ரத்த சோகை மட்டும் வருஷக்கணக்கா இருக்கும், இரும்பு மாத்திரை முழுங்கிட்டே இருப்பாங்க, ஏறாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, டீடீஜி-ன்னு சொல்றாங்க. உடம்பு குளூட்டனை எதிர்த்து சண்டை போடுறப்ப ரத்தத்துல வர்ற எதிரணுவைத்தான் (ஆன்டிபாடி) அதுல பாக்குறாங்க. சண்டை நடந்தாத்தானே தெரியும்? நாம கோதுமையை நிறுத்திட்டா சண்டை ஓய்ஞ்சிரும், எதிரணு குறைஞ்சிரும், குடலும் மெல்ல ஆறிரும், அப்புறம் போய் டெஸ்ட் எடுத்தா வியாதி இருந்தாலும் ஒண்ணும் இல்லன்னு வரலாம். அதனால மறுபடியும் கோதுமை சாப்பிட்டுட்டுத்தான் டெஸ்ட் எடுக்கணும்.

கிளினிக் டாக்டர் என் வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னது, தெனமும் ரெண்டு துண்டு ரொட்டி அளவுக்கு, ஆறு வாரம். இவங்களுக்கு வந்த கோவம் இருக்கே, நாலு மாசம் பத்தியம் இருந்ததெல்லாம் தண்டமான்னு என்மேல பாஞ்சாங்க, நான் என்ன பண்ணேன். கடைசியில எங்க கடை ரொட்டியையே தெனம் காலையில பசியாற சாப்பிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்து அனுப்பி ரிசல்ட் வந்துச்சு, சீலியாக் இல்ல. சில பேருக்கு ஐஜிஏன்னு ஒரு வகை எதிரணு உடம்புலயே குறைச்சலா இருக்கும், அப்ப இந்த டெஸ்ட் ஏமாத்திரும்னு அதையும் சேர்த்துப் பாத்தாங்க, அதுவும் சரியாத்தான் இருந்துச்சு. ரத்தத்துல வந்திருந்தா அடுத்து வாய் வழியா கேமரா விட்டு குடல்ல கிள்ளி எடுத்துப் பாப்பாங்களாம், அது தேவைப்படல. திரும்ப சாப்பிடவே முடியாதுங்கறவங்களுக்கு ஜீன் டெஸ்ட்னும் ஒண்ணு இருக்கு, ஆனா அதுல இல்லன்னு வந்தாத்தான் பிரயோஜனம், இருக்குன்னு வந்தா ஒண்ணும் அர்த்தம் இல்ல, ஏன்னா அந்த ஜீன் வியாதி இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கும்.

அப்ப கோதுமையை நிறுத்தினதும் வயிறு லேசானது எப்படின்னு நானும் கேட்டேன். நியாயமான கேள்விதானே. கோதுமையில குளூட்டன் மட்டும் இல்ல, ஃபிரக்டான்னு ஒரு மாதிரி மாவுச்சத்து இருக்கு, அது குடல்ல சரியா செரிக்காம பெருங்குடலுக்குப் போய் புளிச்சு காத்தாகும். 2018-ல நார்வேயில ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு, தனக்கு குளூட்டன் ஆகாதுன்னு தானா முடிவு பண்ணி நிறுத்தின 59 பேர், சீலியாக் இல்லாதவங்க. என்ன இருக்குன்னு சொல்லாம ஒரே மாதிரி திங்கிற பார் மூணு தினுசு குடுத்தாங்க, ஒண்ணுல குளூட்டன், ஒண்ணுல ஃபிரக்டான், ஒண்ணுல ரெண்டும் இல்ல. வயித்தைக் கெடுத்தது ஃபிரக்டான், குளூட்டன் இல்ல. இந்த ஃபிரக்டான் வெங்காயத்துலயும் பூண்டுலயும் நெறைய இருக்கு. எங்க வீட்டுல சம்பல், சாம்பார், குழம்பு எல்லாத்துலயும் வெங்காயம்தான், அம்மணி கோதுமையை விட்டுட்டு வெங்காயத்தை அள்ளி அள்ளித்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதோட கோதுமையை நிறுத்தினப்ப ராத்திரி பத்து மணிக்கு மேகி, சாயங்காலம் கரிபாப், கிரீம் பிஸ்கட் எல்லாம் சேர்ந்துதான் நின்னுச்சு, வயிறு லேசாகாம என்ன பண்ணும்.

இன்னொண்ணு, அவங்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கு. இந்த குளூட்டன் இல்லாத பிஸ்கட் டப்பா பின்னாடி நான் ஒருநாள் கண்ணாடி போட்டு படிச்சேன், அரிசி மாவு, மரவள்ளி மாவு, சோள மாவு, சீனி. நார்ச்சத்து ஒண்ணுத்துக்கும் இல்ல. உடம்புக்கு நல்லதுன்னு அதை டப்பா டப்பாவா தின்னு அந்த நாலு மாசத்துல ரத்தத்துல மூணு மாச சராசரி சக்கரை அளவு 7.2 விழுக்காட்டுல இருந்து 8.5 ஆயிருந்துச்சு. 2019-ல அரசாங்கம் எடுத்த சுகாதார கணக்குல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர், நம்ம இந்தியர்கள்ல 31.4 விழுக்காடு. இந்த லட்சணத்துல பேப்பர்ல இளைக்கறதுக்கு குளூட்டன் இல்லாத பண்டம் சாப்பிடுங்கன்னு போட்டா எப்படிங்க.

இது வரைக்கும் படிச்சிட்டு சரி, ரொட்டிக்காரன் ஜெயிச்சிட்டான்னு நெனைச்சா, இனிமேத்தான் நான் தலை குனியற இடம்.

எங்க கடைக்கு ஒரு டீச்சரம்மா வருவாங்க, எட்டு வயசுல பையன், பாத்தா அஞ்சு வயசுன்னுதான் சொல்லுவீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் அவங்க வந்து "அண்ணே, தோசையும் ரொட்டியும் ஒரே கல்லுலதான் சுடுறீங்களா, இவனுக்கு கோதுமை ஒட்டக்கூடாது"ன்னு கேட்டாங்க. காலை ஏழரை மணி, கூட்டம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, இப்ப எல்லாருக்கும் இது ஒரு ஃபேஷனாப் போச்சு"ன்னு சொல்லிட்டு மாவுக் கையோட அப்படியே தோசையைத் திருப்பிப் போட்டேன். அவங்க ஒண்ணும் பேசல, பையன் கையைப் பிடிச்சு கூட்டிட்டு போயிட்டாங்க. அந்தப் பையனுக்கு சீலியாக், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில கேமரா விட்டுப் பாத்து சொன்னதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்த மாதிரி பிள்ளைக்கு குளூட்டன் இல்லாத சாப்பாடுன்னு சொல்லணும்னா உலக அளவுல இருக்கற விதி ஒரு கிலோ சாப்பாட்டுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன் வரைக்கும்தான். என் கையில ஒட்டியிருந்த மாவு எத்தனை மில்லிகிராம்னு நீங்களே நெனைச்சுக்கோங்க.

நான் ஏன் அப்படி சொன்னேன்னு பிறகு யோசிச்சேன். அந்த வாரம் மட்டும் மூணு பேர் கோதுமை ஆகாதுன்னு சொல்லிட்டு அப்புறம் ரொட்டி தெலோர் (முட்டை ரொட்டி) சாப்பிட்டுப் போனாங்க. சும்மா சொல்றவங்க கூட்டத்துல நிஜமா சொல்ற பிள்ளை காணாமப் போயிருது. டீச்சரம்மா சொல்றாங்க, சொந்தக்காரங்க வீட்டு விருந்துலயே "கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன, பேப்பர்லயே போட்டிருக்கான் உடம்பு இளைக்க பண்றதுன்னு, இவன் ஏற்கனவே எலும்பாத்தானே இருக்கான்"னு ஊட்டி விட்டுருக்காங்களாம்.

இது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு வராதுன்னும் சொல்லாதீங்க. மலாயா பல்கலைக்கழக டாக்டர்கள் 2015-ல வெளியிட்ட ஆய்வுல நம்ம நாட்டு இளவட்டங்க, நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்க 562 பேரோட ரத்தத்தைப் பாத்ததுல 7 பேருக்கு அந்த எதிரணு இருந்திருக்கு, மலாய், சீனர், இந்தியர் மூணு இனத்துலயும். நூத்துக்கு ஒருத்தருக்கு மேல. கூடப் பிறந்தவங்க, அப்பா அம்மா யாருக்காவது இருந்தா வாய்ப்பு இன்னும் அதிகம், அவங்க கட்டாயம் டெஸ்ட் எடுக்கணும்.

கோதுமைதான் காரணம்னு கண்டுபிடிச்ச கதையும் மக சொல்லிச்சு, கேட்டதுல இருந்து மறக்க முடியல. டிக்கே-ன்னு ஹாலந்துல ஒரு குழந்தை டாக்டர், அவருக்கு ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சாம். 1944-45 குளிர்காலத்துல அங்க பஞ்சம், ரொட்டியே கிடைக்கல, துலிப் பூச்செடி கிழங்கைத் தோண்டித் தின்னாங்க, ஆனா இந்த வியாதி இருந்த பிள்ளைங்க மட்டும் மோசமாகாம தேறுச்சுங்க, ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துக்கிச்சுங்க. 1950-ல அதை ஆய்வா எழுதி வெச்சாரு. அதே நேரத்துல இங்க ஜப்பான்காரன் காலம், எங்க பாட்டி தோட்டத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னே உயிர் தப்பிச்சவங்க. பஞ்சத்துல ஒரு நல்லது அங்க நடந்துச்சு, இங்க யாரு கவனிச்சா.

இப்ப எங்க கடையில தனியா ஒரு சின்ன தோசைக்கல்லு இருக்கு, பச்சை பிடி கரண்டி ஒண்ணு, அதை வேற யாரும் தொடக்கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணிக்கு, ரொட்டி மாவு மேஜைக்கு வர்றதுக்கு முன்னாடி, கையை சோப்பு போட்டு கழுவிட்டு அந்தப் பையனுக்கு அதுல தோசை சுடறேன். ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்துல வெச்சா மாவு பறக்குதுன்னு பின்பக்கம் கேஸ் அடுப்புல வெச்சிருக்கேன். முறுகல் நல்லா வருது அதுல, எனக்கே ஆசையா இருக்கு. சாம்பார் குடுக்கறது இல்ல, ஏன்னா நான் வாங்கற பெருங்காய டப்பாவுல சின்ன எழுத்துல தெப்போங் கண்டும்னு, அதாவது மலாய்ல கோதுமை மாவுன்னு, போட்டிருக்கு, இத்தனை வருஷம் பாத்ததே இல்ல. கிச்சாப்லயும் (சோயா சாஸ்) அதே, கோதுமை சேர்த்துத்தான் காய்ச்சறாங்க. மைலோவுல பார்லி. புரட்டாசி மாசம் நாம விழுந்து விழுந்து வாங்கற சைவ மட்டன் இருக்கே, அதுல நெறைய தினுசுல இருக்கறது நான் மேல சொன்னேனே மாவைக் கழுவி எடுத்த ஒட்டுப்பால் மாதிரி ஒண்ணு, அதேதான், குளூட்டன். கோதுமையே தொடமாட்டேன்னு இருந்த என் வீட்டுக்காரம்மா அந்த நாலு மாசமும் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அதைத்தான் பெரட்டி வெச்சு சாப்பிட்டாங்க, வயிறு ஒண்ணும் பண்ணல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ஆசிரியர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடுறப்ப, நிறுத்தறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை எடுங்கன்னு கொட்டை எழுத்துல ஒரு வரி போடுங்க. முடிஞ்சா ஒரு குடல் டாக்டரை வெச்சு எழுத வைங்க. கத்தரிச்சு எடுத்துட்டு வந்த அம்மாவுக்கும் நான் இதையேதான் சொன்னேன், அவங்க கேட்டுட்டு இன்னொரு ரொட்டி தாப்பாவ் (பார்சல்) பண்ணச் சொன்னாங்க, வீட்டுக்காரருக்காம்.

இப்படிக்கு,
ரொட்டி சானாய் கடைக்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்