ரோஸ்டர் போடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"அக்கா, யாருக்கு எப்போது டியூட்டி என்கிற ரோஸ்டரை இனிமேல் போடுவது நான்தான்" என்று நேற்று நீ போனில் சொன்னதும் எனக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. போனை வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உன்னை மாதிரி புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நாம் ஒன்றாக வேலை பார்த்த ஹோட்டலில் பிரேக் ஷிஃப்ட் இருந்ததே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலை 7 மணிக்கு வந்தால் 11 வரை டியூட்டி. மறுபடியும் சாயங்காலம் 6 மணியிலிருந்து ராத்திரி 11 வரை. பதிவேட்டில் 9 மணி நேரம். நடுவில் கிடக்கிற 7 மணி நேரம் யாருக்குச் சொந்தம்? வீட்டுக்குப் போய்த் திரும்பவே பாதி நேரம் போய்விடும் என்று நான் போகமாட்டேன். ஸ்டோர் ரூமில், துவைக்கப் போட்ட மேஜைவிரிப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்திருப்பேன். திடீரென்று கூட்டம் வந்தால் கதவைத் தட்டுவார்கள். எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகமாகப் போய் நிற்க வேண்டும். அந்த அரை மணி, முக்கால் மணி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஒரு மாதம் முழுக்க அதையெல்லாம் சின்ன நோட்டில் தேதிபோட்டு எழுதி, சம்பள நாளன்று கொண்டுபோய்க் காட்டினேன். "மத்த நேரம் சும்மாதானே படுத்திருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தச் 'சும்மா' இன்னும் என் காதில் இருக்கிறது. சேவைத் தொழிலில் சம்பளம் காணாமல்போவது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைக்குள்தான். கடை திறக்கும் முன் பெருக்கித் துடைப்பது, யூனிஃபார்ம் மாற்றுவது, கல்லாக் கணக்கு ஒத்துவரும் வரை நிற்பது, கடைசி வாடிக்கையாளர் எழுந்து போகும் வரை காத்திருப்பது என்று எல்லாமே 'சும்மா'தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1991-ல் ஹோட்டல், உணவக வேலைக்கென்றே தனியாக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 172-வது உடன்படிக்கை. அந்தந்த நாட்டுச் சட்டமோ வழக்கமோ வேறு மாதிரி சொல்லாத வரைக்கும், ஆள் முதலாளியின் கைவசம் இருக்கிற நேரமெல்லாம் வேலை நேரம்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் கொஞ்சம்தான். இருந்தாலும் அந்த வரியைப் படித்த அன்று என் நோட்டை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தேன். நான் கேட்டதில் தப்பே இல்லை.

அப்புறம் டிப்ஸ். டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அடிப்படைச் சம்பளம் சீராகக் கிடைத்தாக வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், அதுவும் 1991-லிருந்து மாறவே இல்லை. மீதி டிப்ஸில் சேர்ந்து 7.25 டாலர் ஆக வேண்டும், ஆகாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. கலிஃபோர்னியா மாதிரிச் சில மாநிலங்கள் இதை ஏற்காமல், முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஏன் என்று உனக்கே தெரியும். நம்மோடு 6-ஆம் நம்பர் மேஜை பார்த்த பெண்ணின் மணிக்கட்டை ஒருவர் பிடித்தபடியே ரூபாய் நோட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாரே, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அவள் கையை உதறவில்லை. அந்த மாதம் அவளுக்கு அந்த நோட்டு வேண்டியிருந்தது. சம்பளம் போதுமான அளவு இருந்திருந்தால் உதறியிருப்பாள்.

டிப்ஸ் பெட்டி எப்போதும் கல்லாவுக்குக் கீழே பூட்டியே இருக்கும். உடைந்த கிளாஸுக்குக்கூட அதிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல், வரி போன்ற சட்டப்படியான பிடித்தம் தவிர டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீ சட்டத்துக்காகக் காத்திருக்காதே. பெட்டியை எல்லோரும் பார்க்கத் திற, எண்ணிய தொகையை நோட்டில் எழுது, பாத்திரம் கழுவுகிறவருக்கும் பங்கு கொடு.

உட்காருகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிற சட்டம் கேரளத்தில் 2018-ல் வந்தது, தமிழ்நாட்டில் 2021-ல். கவுண்டரில் ஒரு ஸ்டூல் போடு. போட்டுவிட்டு, அதில் யாராவது உட்கார்ந்தால் முறைத்துப் பார்க்காதே. பார்த்தால் மறுநாள் ஒருவரும் உட்காரமாட்டார்கள்.

சம்பளத்தை முடிவு செய்வது முதலாளிதான், உன் கையில் இல்லை என்பாய். சரி. ஆனால் நேரம் உன் கையில் இருக்கிறது. அடுத்த வார டியூட்டி என்னவென்று முந்தின நாள் ராத்திரி வரை தெரியாமல் நான் என் பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்குக்கூடப் போனதில்லை. இரண்டு வாரம் முன்னாலேயே ரோஸ்டரை ஒட்டிவிடு. வாரவிடுப்பில் கைவைக்காதே. யாரையாவது நடுவில் எழுப்பிக் கூப்பிட்டால் அந்த நேரத்தை நீயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடு. உன் கையெழுத்து இருந்தால் சம்பள நாளன்று யாரும் அதைத் தள்ளிவிட முடியாது.

முதல் ரோஸ்டரை எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பிரேக் ஷிஃப்ட் யார் பெயருக்கு நேரே விழுந்திருக்கிறது, அவர் வீடு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அக்கா