ரிக் ரைட்டுக்கு ஒரு வக்காலத்து

அன்புள்ள பாலு,

உன் கடிதத்தை இத்தனை நாள் கிடப்பில் போட்டதற்கு வழக்கமான சாக்குகளை நீயே நிரப்பிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். தேசிகன் இன்னும் திருந்தவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் மறக்காமல் எழுது.

யாழினிக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தாயிற்று, அவள் பிங்க் ஃப்ளாய்ட் என்கிற ஆங்கிலேய ராக் பேண்டைக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள், எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த பேண்டில் கீபோர்டுக்குப் பெரிய வேலை இல்லை, ரைட் சும்மா இட்லிக்குச் சட்னி" என்று அவர்களின் கீபோர்டுக்காரர் ரிக் ரைட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறாய் பார், இந்தக் கடிதமே அதற்குத்தான். வெறும் இட்லியைத் தின்று காட்டு, அப்புறம் பேசலாம்.

எல்லோரும் சொல்கிற மாதிரி 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் தொடங்க வேண்டாம். 1971-இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் போடு. பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'எக்கோஸ்', 23 நிமிடத்துக்கு மேல். ஸ்டுடியோவில் உருப்படியாக ஒன்றும் தேறாமல் சேர்த்து வைத்த துண்டுகளுக்கு 'நத்திங்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் துண்டுகளிலிருந்து வளர்ந்த பாட்டு இது. ஆரம்பத்தில் நீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி 'பிங்' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அது ரைட். பியானோவின் மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு 'பி' ஸ்வரம், அவ்வளவுதான். பியானோவுக்கு மைக் வைத்து அந்த ஒலியை லெஸ்லி ஸ்பீக்கருக்குள் அனுப்பினார்கள். லெஸ்லி என்றால் மரப்பெட்டிக்குள் மேலே ஒரு கூம்பும் கீழே ஒரு உருளையும் மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலி நம் பக்கம் திரும்பும்போது சுருதி ஒரு நூல் ஏறும், விலகும்போது ஒரு நூல் இறங்கும்.

யாழினியைப் பியானோ டோன் எடுத்து, எஃபெக்டில் ரோட்டரி (அதே லெஸ்லி சுழற்சிதான்) போட்டு, வேகத்தை ஸ்லோவில் வைக்கச் சொல். மணிச் சத்தம் போலிருக்கிறதே என்று பெல் டோனைத் தேடிப் போனால் கெட்டது. பெல் டோனில் சுத்தியல் கம்பியில் விழுகிற அந்த 'டக்' கிடையாது. லெஸ்லிக்குச் சுழற்றுவதற்கு அந்த 'டக்' வேண்டும். எக்கோ கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் அடுத்த பி விழுவதற்குள் முந்தையதன் எதிரொலி அடங்கிவிட வேண்டும்.

(அதே பாட்டின் நடுவில் கடற்பறவை மாதிரி ஒரு அலறல் வருமே, அது பேண்டின் கிடாரிஸ்ட் கில்மோர். கிடார் ஒலியைக் காலால் மாற்றுகிற வா-வா பெடலில் ஒயர்களை மாற்றிச் செருகியதால் வந்தது: கிடார் ஒயர் ஒலி வெளியேறும் துளையில், ஆம்ப் ஒயர் ஒலி உள்ளே போகும் துளையில். எல்லா வா-வா பெடலிலும் இது வராது. இதைச் சொல்லாவிட்டால் தேசிகன் என்னை உயிரோடு விடமாட்டான்.)

அடுத்தது 1973, 'டார்க் சைட் ஆஃப் த மூன்'. பாலு, அந்த ஆல்பத்தின் நடுமுதுகு எது என்று நினைக்கிறாய்? முதல் பக்கத்தை முடிப்பது 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை'. தட்டைத் திருப்பினால் 'மணி', அதை ஒட்டியே 'அஸ் அண்ட் தெம்'. இந்த மூன்றில் இரண்டு ரைட்டின் பியானோவிலிருந்து வந்தவை. எல்லோரும் 'மணி'யின் சில்லறைச் சத்தத்தையும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தையும் பேசுவார்கள். பேசட்டும், நல்ல வேலைதான்.

'அஸ் அண்ட் தெம்' முதலில் இந்த ஆல்பத்துக்காகவே எழுதியதில்லை. 1970-இல் வந்த அந்தோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்தில், கலவரக் காட்சிக்கு ரைட் வாசித்த பியானோ மெட்டு. இயக்குநர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கலவரத்துக்கு எதிரே இவ்வளவு சாந்தமான மெட்டை வைக்கத் தோன்றியதே, அந்த மூளையைத்தான் நீ சட்னி என்கிறாய்.

யாழினி இதை வாசிக்கட்டும், கை எட்டுகிற தூரம்தான். இடது கை டி-யில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே கூடாது. அதற்கு மேலே வலது கையில் நான்கு கார்டுகள் (சேர்த்து அழுத்துகிற ஸ்வரக் கூட்டங்கள்): முதலில் டி மேஜர், அதில் ஒரு ஈ-யைத் தொட்டுக்கொண்டு, அடுத்து பி மைனர், மூன்றாவது டி மைனர் மேஜர் செவன்த், கடைசியில் ஜி மேஜர். விஷயம் மூன்றாவதில் இருக்கிறது: எஃப், ஏ, சி ஷார்ப். சி ஷார்ப்பை விட்டுவிட்டு வெறும் டி மைனர் வாசிக்கிறவர்கள் ஏராளம். அப்போது அது ஏதோ ஒரு சோகப் பாட்டாகச் சுருங்கிவிடும். எஃப்பும் சி ஷார்ப்பும் ஒன்றாக ஒலிக்கும்போதுதான் அந்தக் கூச்சம் வரும். ஜி-க்குப் போகும்போது இடது கையும் சேர்ந்து ஜி-க்கு ஓடுவது இன்னொரு தப்பு. ஓடினால் பாட்டு தரையில் இறங்கிவிடும், மிதக்காது.

டோன் ஹேமண்ட் ஆர்கன், ரோட்டரி ஸ்லோ. ஆர்கனில் கட்டையை ஓங்கி அடித்தாலும் தொட்டாலும் ஒரே சத்தம்தான், ஏற்ற இறக்கமெல்லாம் கால் பெடலில். பியானோப் பழக்கத்தில் ஒலியை நீட்டுகிற சஸ்டெய்ன் பெடலை மிதித்தால் கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அடுத்த கார்டின் விரல் விழுந்த பிறகே முந்தைய விரலை எடுக்கப் பழக வேண்டும்.

அதே ஆல்பத்தில் 'ப்ரீத்' பாட்டில் ஒரு இடம். சரணம் முடிந்து ஈ மைனருக்குத் திரும்பும் வாசலில் ரைட் ஒரு கார்டு வைத்திருக்கிறார்: இடது கையில் டி, எஃப் ஷார்ப், வலது கையில் சி, எஃப். மேஜரும் மைனரும் ஒரே சமயத்தில் நிற்கின்றன. அடுத்து மேலே இருக்கிற எஃப் மட்டும் ஈ ஃபிளாட்டுக்கு இறங்கும், பிறகு ஈ மைனர். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைக் கேட்டுத்தான் இது வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜாஸ் கேட்டவன் ராக் பேண்டில் உட்கார்ந்திருந்ததன் பலன் இது. எஃப் ஷார்ப்பை விட்டால் ஒரு சாதாரண டி மைனர் செவன்த் மிஞ்சும், கதை முடிந்தது.

'கிரேட் கிக்' பற்றி எழுதினால் நிறுத்தமாட்டேன். பி மைனரிலிருந்து நேராக எஃப் மேஜருக்குத் தாவுகிறார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. மேலே பாடிய கிளேர் டாரிக்கு அன்று கொடுத்தது முப்பது பவுண்டு. பிற்காலத்தில் வழக்குப் போட்டு, 2005-இல் சமரசமாகி, இசையமைத்தவர் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. பேர் போடுவதில் இந்த பேண்டின் நியாயம் எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும்.

1975, 'விஷ் யூ வேர் ஹியர்'. 'ஷைன் ஆன்' தொடக்கத்தில் கில்மோரின் அந்த நான்கு ஸ்வரங்கள், பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ, வந்து விழ ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகிறது. அதுவரை தரை போட்டுக் கொடுத்தது யார்? ஜி மைனரில் ஏ.ஆர்.பி. சொலினா என்கிற கீபோர்டின் தந்திக் கூட்டம், அதன்மேல் மினிமூக் சிந்தசைசர். அடியில் ஒயின் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்த ஒலியும் இருக்கிறது, கைவிட்ட ஒரு பழைய முயற்சியிலிருந்து எடுத்து வைத்தது. ஆல்பத்தின் கடைசிப் பகுதி முழுக்க ரைட் எழுதியது. அது மங்கி மறையும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள்: 'சீ எமிலி ப்ளே' மெட்டை மினிமூக்கில் ஒரு தொடு தொட்டுவிட்டுப் போவார். பேண்டின் பழைய பாடகர் ஸிட் பாரெட்டைப் பற்றிய ஆல்பத்தில் ஸிட்டின் பாட்டுக்கு அதற்குமேல் ஒரு ஆர்ப்பாட்டமும் செய்யவில்லை.

இனி மனசு கசக்கிற இடம். 1977-இல் 'அனிமல்ஸ்'. பாட்டு எழுதியவர்களில் ரைட் பெயர் வராத முதல் ஆல்பம். ஆனால் 'ஷீப்' பாட்டை ஆடுகளின் சத்தத்தோடு திறக்கிற எலக்ட்ரிக் பியானோவைக் கேட்டுவிட்டு, இதற்குப் பேர் போடத் தேவையில்லை என்று உன்னால் சொல்ல முடியுமா? 1979-இல் 'தி வால்' பதிவின்போது, பேஸ் வாசித்துப் பாட்டும் எழுதிய வாட்டர்ஸ் பிடிவாதம் பிடித்து அவரை வெளியே அனுப்பினார். அடுத்த இரண்டு வருடம் அந்த மேடை நிகழ்ச்சிகளில் ரைட் சம்பளத்துக்கு வாசித்தார். செலவு எகிறி மற்ற மூன்று பேரும் நஷ்டப்பட்டார்கள், லாபம் பார்த்தது சம்பளக்காரர் ஒருவர்தான். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

1983-இன் 'தி ஃபைனல் கட்'டில் அவர் அறவே இல்லை. வாட்டர்ஸின் வரிகள் கூர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை. அந்த இடத்தை வைத்துக் கொடுத்தது யார் என்று அங்கே தெரிகிறது. 1987 ஆல்பத்தைத் தாண்டிப் போ, அதில் பெரும்பகுதி கூலிக் கலைஞர்களின் சுத்தமான வாசிப்பு. 1994-இன் 'தி டிவிஷன் பெல்'லில் ஐந்து பாட்டுகளில் ரைட்டின் பங்கு இருக்கிறது, ஒன்றை அவரே முன்னின்று பாடுகிறார்.

இன்னும் பழைய காலத்துக்குப் போக வேண்டுமானால் 1968-இன் 'ரிமெம்பர் எ டே', 1970-இன் 'சம்மர் 68' போதும். 'உம்மகும்மா' ஆல்பத்தில் அவருக்குக் கிடைத்த அரைப் பக்கத்தை அவரே பிற்பாடு மெச்சிக்கொள்ளவில்லை, நாமும் விட்டுவிடலாம்.

கேட்கிற விதத்துக்கு வருகிறேன். போனில் கேட்டால் ஷஃபிளும் கிராஸ்ஃபேடும் அணைந்திருக்க வேண்டும். பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. கிராஸ்ஃபேட் போட்டால் ஒன்றின் வாலும் அடுத்ததன் தலையும் மோதும், 'டைம்' கடிகாரங்கள் காணாமல் போகும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக வேலை செய்தால் அதையும் நிறுத்து. கூடவே, இத்தாலியின் பொம்பெய் நகரில் ஆளில்லாத அரங்கில் பேண்ட் வாசிக்க 1971-இல் எடுத்த படத்தையும் காட்டு, 2025-இல் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். 'எக்கோஸ்' இரண்டு பாதியாக முதலிலும் முடிவிலும் வரும். கேமரா ரைட்டின் கைக்குப் போகும்போதெல்லாம் அவளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்.

ரைட் காலமானது 2008 செப்டம்பர் 15, வயது 65. ஒரு வாரத்தில் போலந்தின் க்டான்ஸ்க் நகரில் கில்மோர் நடத்திய கச்சேரியின் பதிவு வெளியானது. அதில் 'எக்கோஸ்' இருக்கிறது, ரைட்டோடு. அதற்குப் பிறகு கில்மோர் அந்தப் பாட்டை மேடையில் தொடவில்லை. இதையும் தேசிகனிடம் சொல்லப் போகிறேன், கில்மோர் கட்சிக்காரன் தலைவர் பேச்சையாவது கேட்பான்.

யாழினி 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் அந்த நான்கு கார்டையும் வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பட்டும். சி ஷார்ப் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
கிச்சா