அந்த 48 மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

விமான நிறுவனங்களின் முன்பதிவு, தரைச்சேவை, பணியாளர் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சக்கர நாற்காலியில் வரும் பயணி, தனக்கு என்ன உதவி வேண்டும் என்பதைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்கும்படி நீங்கள் கேட்கலாம் என்கிறது டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) விதி. கேட்கிறீர்கள், நாங்களும் சொல்லிவிடுகிறோம். சொன்னது அதன்பின் எங்கே போகிறது? கால் சென்டரில் சொன்னது செக்-இன் கவுண்டருக்கு வரும்போது பாதியாகிவிடுகிறது. விமானத்தின் வயிற்றில் நாற்காலியை ஏற்றும் லோடருக்கு அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

முதல் சிக்கல், பயணிக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று முன்பதிவில் போடும் எழுத்துக் குறியீட்டில். டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்கமாட்டார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏறமாட்டார், கேபினுக்குள் நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கை வரைக்கும் தூக்கிச் செல்லவேண்டும். முன்பதிவில் “வீல்சேர் வேண்டும்” என்றதும் கை தானாக முதல் குறியீட்டைப் போட்டுவிடுகிறது. அதன் விளைவு வாசலில் தெரியும்: விமான நடைபாதைக்குள் போகும் குறுகிய நாற்காலியான ஐல் சேர் இருக்காது, ஏரோபிரிட்ஜ் இல்லாத இடத்தில் பயணியை விமானக் கதவு வரை உயர்த்தும் ஆம்புலிஃப்ட் வண்டியும் வந்திருக்காது. ஏ320 விமானத்தின் நடைபாதை அரை மீட்டர் அகலம்கூட இல்லை. சாதாரண நாற்காலி 60 செ.மீ.க்கு மேல். “படி ஏறுவீர்களா? இருக்கை வரை நடப்பீர்களா?” என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் குறியீடு தப்பாது.

அடுத்து நாற்காலி. ஏ320-இன் சரக்குக் கதவு ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம். போயிங் 737-இல் அது 90 செ.மீ.யைக்கூட எட்டாது. முதுகுப்பலகை மடங்காத மின் நாற்காலி பல சமயம் இதைவிட உயரம். அளவு தெரியாத லோடர் என்ன செய்வார்? சாய்த்துப் படுக்கவைத்துத் தள்ளுவார். மொத்த எடையும் கைப்பிடியின் மேலும் ஜாய்ஸ்டிக்கின் மேலும் விழும். நாற்காலிகள் பல சமயம் உடைவது இப்படித்தான். எனவே நீளம், அகலம், உயரம், எடை, முதுகு மடங்குமா என்பதை முன்பதிவிலேயே கேளுங்கள். ஒரு அட்டையில் அச்சிட்டு நாற்காலியிலேயே கட்டுங்கள். மோட்டாரின் கிளட்ச் நெம்புகோல் எங்கே என்பதும் அதில் இருக்கட்டும். அதை விடுவித்தால்தான் கையால் தள்ள முடியும். ஏற்றியபின் மறுபடி பூட்டாவிட்டால் நாற்காலி உள்ளே உருளும். நாற்காலியை நிறுத்திவைக்கும் பெல்ட்டை அதன் உலோகச் சட்டத்தில் கட்டவேண்டும், சக்கரக் கம்பியிலோ கைப்பிடியிலோ அல்ல. மெத்தை, கால்பலகை, பக்கத் தகடு, கழற்ற முடிந்தால் ஜாய்ஸ்டிக் எல்லாம் ஒரு பையில் பயணியோடு கேபினுக்கு வரட்டும்.

பேட்டரி விஷயத்தில்தான் கவுண்டரில் அதிக நேரம் வீணாகிறது. ஜெல் பேட்டரி சிந்தாத வகை. நாற்காலியில் உறுதியாகப் பொருத்தி, மின்முனைகள் மூடியிருந்தால் அதைக் கழற்றவே தேவையில்லை. லித்தியம் வேறு. கழற்றும்படி வடிவமைத்தது என்றால் கழற்றி, முனைகளை மூடி, கேபினில் எடுத்துச் செல்லவேண்டும்: ஒன்று என்றால் 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. கணக்கு எளிது, வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, போகலாம். அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி என்றால் 480, கேபினில் போகாது. பவர் பேங்குக்கான 100 வாட்-மணி வரம்பைத் தூக்கி இங்கே பொருத்துவது தவறு. இதைப் புறப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் வாதாடித் தீர்க்கவேண்டியதில்லை. பேட்டரி லேபிளின் படத்தை முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் தாருங்கள்.

தூக்குவது பற்றி. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, மற்றவர் தொடைக்கு அடியில். கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவலாம். பேண்ட்டைப் பிடித்துத் தூக்குவது அதைவிட மோசம். எந்தப் பக்கம் பலம், எங்கே உணர்வில்லை என்று முதலில் பயணியிடம் கேளுங்கள், உடன் வந்தவரிடம் அல்ல. விமான இருக்கையின் நடைபாதைப் பக்கக் கைப்பிடி பல வரிசைகளில் மேலே எழும். அதன் அடியில், கீல் அருகே ஒரு சிறு பொத்தான் இருக்கும். அது தெரியாமல் ஆளைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

உணர்வில்லாத உடலுக்குப் படுக்கைப்புண் பெரிய ஆபத்து. அதனால் சொந்த மெத்தையை விமான இருக்கையின் மேல் போட்டு உட்காருகிறார்கள்; அதை மேல் அலமாரியில் வைக்கச் சொல்லாதீர்கள். காற்று மெத்தை என்றால் இன்னொன்று: பறக்கும்போது கேபின் அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் மலையுச்சிக்கு இணையாகக் குறையும், மெத்தை விறைக்கும். மேலே போனதும் கொஞ்சம் காற்றை விடவும், இறங்கியதும் நிரப்பவும் பயணிக்கு உதவி தேவைப்படலாம்.

ஏற்றவே மறுப்பது பற்றி நீட்டி எழுதவில்லை. விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட மாற்றுத்திறனாளி ஜீஜா கோஷின் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2022-இல் திருத்திய விதிப்படி, உடல்நிலை மோசமாகும் என்று சந்தேகம் வந்தால் விமான நிலைய மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும், கவுண்டரில் இருப்பவர் அல்ல.

இறங்கும் ஊரிலும் நாற்காலி வாசலுக்கே வரவேண்டும். பெட்டிகளோடு பெல்ட்டில் சுற்றவிடாதீர்கள். உடைந்திருந்தால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சேத அறிக்கையை நீங்களே எழுதிக் கையில் தாருங்கள். பன்னாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி எழுத்துப் புகாருக்கு ஏழு நாள்தான். இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டிய தொகை. நல்ல மின் நாற்காலி ஒன்றின் விலைக்கு அது போதாது. செக்-இன் செய்யும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்தால் அந்த வரம்பு உயரும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. அதற்கான படிவத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவரையாவது ஒவ்வொரு கவுண்டரிலும் வையுங்கள்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலிப் பயணிகளும் உடன் வருபவர்களும்